முதல் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு: ஆங்கில மொழி, இலக்கியம், கற்பித்தல்

ஆங்கிலத்தில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு தலைப்பு இருக்கும். ‘ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெண்கள்’, ‘சமூக ஊடகங்களில் ஆங்கிலம்’, ‘மாணவர்களின் பேச்சுத்திறனை வளர்ப்பதில் உள்ள சிக்கல்கள்’. மூன்றும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் மூன்றிலும் கேள்வி என்று ஒன்று இல்லை. கேள்வி இல்லாமல் நூலகத்துக்குள் போனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தேவைப்படும் போலவே தோன்றும். எதை விடலாம் என்று தெரியாது. ஆறு மாதம் அப்படியே ஓடிவிடும். அப்படி மாதங்களைத் தொலைத்துவிட்டுக் கண்கலங்கி உட்கார்ந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பில் குறையே இல்லை. கேள்வியைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறீர்கள்?

மொழி, இலக்கியம், கற்பித்தல் மூன்றும் ஒரே துறைக்குள் இருந்தாலும் அன்றாட வேலை வேறு வேறு. மொழி ஆய்வில் உங்கள் மேசையில் இருப்பது மக்கள் பேசியதும் எழுதியதும். இலக்கிய ஆய்வில் ஒரு பிரதி, அதாவது நாவல், நாடகம் போன்ற ஒரு படைப்பு, அல்லது சில பிரதிகள். கற்பித்தல் ஆய்வில் ஒரு வகுப்பறையும் அதில் இருக்கும் மனிதர்களும்.

எது பெருமையான பிரிவு என்று பார்க்காதீர்கள். எந்த வேலையை அலுக்காமல் செய்வீர்கள் என்று பாருங்கள். பத்து நிமிட உரையாடலைக் கேட்டுக்கேட்டு எழுத்தில் இறக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒரே நாவலை நாலு முறை படிக்கப் பொறுமை வேண்டும். வகுப்பறை ஆய்வு என்றால் அனுமதிக் கடிதங்களுக்காக அலைய வேண்டும். இவற்றில் எந்தச் சிரமம் உங்களுக்குப் பெரிய சிரமமாகத் தெரியவில்லையோ அந்தப் பக்கம் போங்கள்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

சிறிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1962 நவம்பரில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். நியூயார்க்வாசிகள் சில சொற்களில் ‘ர்’ ஒலியை உச்சரிக்கிறார்கள், சில நேரம் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் சமூக அந்தஸ்துக்கும் தொடர்பு உண்டா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீண்ட நேர்காணல்களையும் அவர் செய்தார். ஆனால் இந்தச் சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது மூன்று டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள்: பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேஸிஸ், விலை குறைவான எஸ். க்ளைன். நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று கீழே உள்ள ஊழியரிடம் கேட்பார். பதில் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று வரும். சரியாகக் காதில் விழாதது போல மறுபடி கேட்பார். ஊழியர் இந்த முறை அழுத்தித் திருத்திச் சொல்வார். லபோவ் சற்றுத் தள்ளிப் போய் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இப்படி 264 பேர். கடையின் தரம் உயர உயர ‘ர்’ ஒலியும் கூடியது. மொழிக்கும் சமூகத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் சமூக மொழியியலின் அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று இது.

இதில் கவனிக்க வேண்டியது, ‘நியூயார்க் ஆங்கிலம்’ என்ற பெரிய தலைப்பை அவர் இரண்டே சொற்களுக்குள் கொண்டுவந்த விதம். என்ன ஒலி, யார் பேசுவது, எந்தச் சூழல், எதை எதோடு ஒப்பிடுவது என்று நாலும் தீர்மானமாகிவிட்டது. உங்கள் கேள்வியையும் இந்த நாலால் சோதித்துப் பாருங்கள். (ஒன்று மட்டும்: அவர் சம்மதம் கேட்காமல் செய்தார். இன்று அப்படிச் செய்வதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவைக் கேட்டாக வேண்டும்.)

நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியை எப்படிச் சுருக்குவது என்று பார்ப்போம். ‘ஆங்கிலக் கட்டுரைகளில் மாணவர்கள் செய்யும் பிழைகள்’ என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். பிழைகள் என்றால் எழுத்துப் பிழையா, காலமா, சொல்லிணைவா (எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது)? சொல்லிணைவு என்று வைத்துக்கொள்வோம். அதிலும் எது? ‘மேக்’, ‘டூ’ இரண்டு வினைகள் மட்டும் போதும். தமிழில் நாம் தவறு செய்கிறோம், வேலை செய்கிறோம், உதவி செய்கிறோம், முடிவு செய்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே ‘செய்’. ஆங்கிலத்தில் தவறுக்கும் முடிவுக்கும் ‘மேக்’, வேலைக்கு ‘டூ’, உதவிக்கு இரண்டுமே இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதினால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் உண்மைதானா, வேறு தாய்மொழிக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்களா என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். இப்போது கேள்வி இப்படி ஆகிறது: ‘தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முதலாண்டு மாணவர்களின் 60 கட்டுரைகளில், மேக், டூ ஆகிய வினைகள் எந்தெந்தப் பெயர்ச்சொற்களோடு சேர்கின்றன? தவறான சேர்க்கைகளில் எத்தனையை ‘செய்’ என்ற தமிழ் வினையைக் கொண்டு விளக்க முடியும்?’ இதை ஒரு பருவத்துக்குள் ஒரே ஆள் செய்து முடிக்கலாம்.

கேள்வி சிறுத்துவிட்டதே, மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். தேர்வாளர் உங்களிடம் எதிர்பார்ப்பது, எடுத்துக்கொண்டதை முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா என்பதைத்தான்.

ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறார்கள்?

கேள்வி பாதி உருவானதும் படிக்கத் தொடங்குங்கள். முழுசாக உருவாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிக்கும்போதுதான் மீதிப் பாதி வரும்.

கூகுள் ஸ்காலர் எல்லோருக்கும் தெரியும். கற்பித்தல் ஆய்வுக்கு எரிக் என்ற கல்வித் தரவுத்தளம் இலவசம். டி.ஓ.ஏ.ஜே. என்ற இணையப் பட்டியலில் திறந்த அணுக்க இதழ்கள், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்கள் கிடைக்கும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஓயாசிஸ் என்ற தளம். மொழி கற்றல், கற்பித்தல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை எளிய ஆங்கிலத்தில் ஒரே பக்கத்துக்குச் சுருக்கித் தருகிறார்கள். ஒரு மாலையில் பத்துச் சுருக்கங்களைப் படித்தால், எதை முழுசாகத் தேடிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் சுருக்கம், அப்புறம் முடிவுரை, பிறகு ஆய்வு முறை. உங்கள் வேலைக்கு உதவும் என்று தோன்றினால் மட்டும் முழுவதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி குறிப்பு எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், யாரிடம் அல்லது எந்தப் பிரதியில், எப்படி, என்ன கண்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள். அந்த ஐந்தாவது வரிதான் பின்னால் உங்கள் ஆய்வுக்கு இடம் கொடுக்கும்.

மேற்கோளைக் குறித்துக்கொள்ளும் அந்த நிமிடமே பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். என்னுடைய முதல் ஆய்வேட்டில் நான் அழகான மேற்கோள்களை ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன், பக்க எண் இல்லாமல். சமர்ப்பிப்பதற்கு முந்தைய வாரம் முழுவதும் அந்தப் பக்கங்களைத் தேடுவதிலேயே போனது. இரண்டு மேற்கோள்கள் கடைசிவரை கிடைக்கவில்லை, நீக்கிவிட்டேன். அவை நான் மிகவும் நம்பியிருந்த மேற்கோள்கள். இன்று நூல் விவரங்களையும் குறிப்புகளையும் சேமிக்க ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அதில் சேமியுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் நூல்களைக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவை இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியர் பெயரைப் போட்டு, ஆண்டும் இதழும் சேர்த்துக் கொடுத்துவிடும். பார்த்தால் சந்தேகமே வராது. நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் துணைநூற்பட்டியலில் சேர்க்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் எந்த மாணவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தரவு: மொழி ஆய்வில்

சொந்தமாகக் கட்டுரைகளைத் திரட்டலாம், அல்லது ஏற்கெனவே உள்ள தொகுப்புகளை (கார்ப்பஸ், அதாவது மக்கள் எழுதியதையும் பேசியதையும் கணினியில் தேடும்படி திரட்டி வைத்தவை) பயன்படுத்தலாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடிச் சொற்கள் உள்ளன, 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் அதிகமான சொற்கள். மாணவர் எழுத்தே வேண்டும் என்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிக்கஸ்ப் தொகுப்பு இருக்கிறது. உயர் மதிப்பெண் பெற்ற 800க்கும் மேற்பட்ட மாணவர் கட்டுரைகளை அதில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நீங்களே திரட்டியவற்றை ஆராய லாரன்ஸ் அந்தோணி உருவாக்கிய ஆன்ட்காங்க் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். கட்டுரைகளை வெறும் உரைக் கோப்புகளாகச் சேமித்து உள்ளே ஏற்றி, ‘மேக்’ என்று தேடினால் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக, தேடிய சொல் நடுவில் நேர்கோட்டில் நிற்கும்படி வந்துவிடும். வலப்பக்கத்தை அகரவரிசைப்படுத்துங்கள். அதுவரை 60 தாள்களில் சிதறிக் கிடந்தது கண்முன்னே கூட்டம் கூட்டமாகச் சேரும். முதல் முறை அதைப் பார்க்கும் மாணவர் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ‘மேட்’, ‘மேக்கிங்’, ‘டன்’ போன்ற வடிவங்களையும் தனித்தனியாகத் தேட மறக்காதீர்கள். பலரும் இதை விட்டுவிட்டுப் பாதி எண்ணிக்கையோடு முடிவு எழுதிவிடுகிறார்கள்.

பிழைகளை எண்ணுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மொழியியலாளர் எஸ். பிட் கோர்டர் 1967-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு வகையைப் பிரித்தார். தெரிந்தும் அவசரத்தில் வழுக்கிவிடுவது ஒன்று. கற்பவரின் மனதில் உள்ள மொழி அறிவே அப்படி இருப்பதால் திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் கற்றல் எப்படி நடக்கிறது என்று நமக்குக் காட்டும். ஒரே மாணவர் ஒரே கட்டுரையில் ஒரு இடத்தில் சரியாகவும் இன்னொரு இடத்தில் தவறாகவும் எழுதியிருந்தால் அதை எந்தப் பெட்டியில் போடுவது? முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை நண்பர் ஒருவரிடம் அதே விதியோடு கொடுத்து வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவர் முடிவும் அதிகம் விலகினால் விதியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

தரவு: இலக்கிய ஆய்வில்

இலக்கிய மாணவர்கள் தங்களுக்குத் தரவு இல்லை என்று நினைக்கிறார்கள். பிரதிதான் தரவு. எந்தப் பதிப்பு என்பதுதான் முதல் கேள்வி. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. 1831-இல் அவர் திருத்தி வெளியிட்டார். முதல் பதிப்பில் எலிசபெத் கதாநாயகனின் அத்தை மகள். திருத்திய பதிப்பில் அவள் இத்தாலியில் ஒரு ஏழைக் குடும்பத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண். நாவலில் குடும்பம், உறவு, பெண் பற்றி ஆய்வு செய்கிறவர் எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று தெரியாமல் இணையத்தில் கிடைத்ததை இறக்கிக்கொண்டால் வாதமே ஆட்டம் கண்டுவிடும். அதே சமயம், இரண்டு பதிப்புகளுக்கும் இடையே எலிசபெத் எப்படி மாறுகிறாள் என்பது ஒரு முதுகலை ஆய்வுக்கு நல்ல கேள்வி. பிரதி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

கோட்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணியம், பின்காலனியம், உளப்பகுப்பாய்வு என்று ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஒரு நாவலைத் தேடுவது பரவலாக நடக்கிறது. அப்படி எழுதும் ஆய்வேட்டில் முதல் இயல் முழுக்கக் கோட்பாட்டு வரலாறாகவும், மீதி இயல்கள் கதைச் சுருக்கமாகவும் இருக்கும். நான் சொல்வது வேறு வழி. முதலில் பிரதியைப் படியுங்கள். உங்களை நிறுத்திய இடங்களில் கோடு போடுங்கள். ஏன் இந்தப் பாத்திரம் இந்தக் காட்சியில் மட்டும் பேசவே இல்லை? ஏன் கதைசொல்லி இங்கே மட்டும் நிகழ்காலத்துக்கு மாறுகிறார்? அந்த இடத்தை விளக்க எந்தக் கோட்பாடு உதவுகிறதோ அதை அப்புறம் அழையுங்கள். பத்து வரியை எடுத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுத முடிந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

தரவு: கற்பித்தல் ஆய்வில்

இங்கே அதிகம் நடப்பது முன்தேர்வு, பின்தேர்வு வகை. ஒரு வகுப்புக்குத் தேர்வு வைக்கிறார்கள், ஆறு வாரம் புதிய முறையில் சொல்லித்தருகிறார்கள், மறுபடி தேர்வு வைக்கிறார்கள். மதிப்பெண் கூடியிருக்கும். புதிய முறை வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஆறு வாரம் எந்த முறையில் படித்தாலும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதே தேர்வை இரண்டாம் முறை எழுதுவதாலும் கூடும். பழைய முறையில் படித்த இன்னொரு வகுப்பு ஒப்பிடுவதற்கு இல்லையென்றால், முறைதான் காரணம் என்று சொல்லக்கூடாது. ஒப்பீட்டு வகுப்பு கிடைக்காவிட்டால் கேள்வியையே மாற்றுங்கள்: ‘இந்த முறை பயன் தருகிறதா’ என்பதற்குப் பதில், ‘இந்த முறையில் மாணவர்கள் குழுவாகப் பேசும்போது என்ன நடக்கிறது’ என்று. அதற்கு ஒரே வகுப்பு போதும்.

வினாநிரல் தயாரிப்பது எளிது என்று தோன்றும். ‘ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுவதும் பிழை திருத்துவதும் எனக்குப் பிடிக்கும்’ என்று ஒரு வாக்கியம். ஒருவருக்கு முதலாவது பிடிக்கும், இரண்டாவது பிடிக்காது. அவர் எதை டிக் செய்வார்? ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். மாணவர்களுக்கு எளிதாகப் புரியும் மொழியில் கேளுங்கள், தேவையானால் தமிழிலேயே. ஐந்தாறு பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பேனா நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தைத் திருத்துங்கள். பிற ஆய்வாளர்கள் பயன்படுத்திய வினாநிரல்கள், தேர்வுகள், நேர்காணல் கேள்விகள் ஐரிஸ் என்ற களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடமும், பள்ளியிடமும். விலக நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே சொல்லுங்கள். தன் ஆசிரியரே ஆய்வாளராக இருக்கும்போது மாணவர் மறுக்கத் தயங்குவார். ஆகவே படிவத்தை வேறொருவர் மூலம் கொடுப்பது நல்லது. பெயர்களை மாற்றிவிடுங்கள்.

எழுதுவது

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். ஆய்வு முறை இயலை முதலில் எழுதுங்கள். செய்ததை எழுதுவதால் கை தயங்காது. அடுத்து முடிவுகள். முன்னுரை கடைசியில் வரட்டும். அதற்கு, ஆய்வு எழுத்தை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விளக்கிய மூன்று நகர்வுகள் கைகொடுக்கும். இந்தப் பொருள் ஏன் முக்கியம் என்று களத்தைக் காட்டுவது, இதுவரை பார்க்காமல் விட்ட இடத்தைச் சொல்வது, அந்த இடத்தில் என் ஆய்வு வந்து நிற்கிறது என்று அறிவிப்பது. உங்கள் ஐந்தாவது வரிக் குறிப்புகள் இரண்டாவது நகர்வுக்கு அப்படியே உதவும்.

மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் எழுதும் முறையில், இலக்கியத்துக்கு எம்.எல்.ஏ., மொழிக்கும் கற்பித்தலுக்கும் ஏ.பி.ஏ. என்பதே பரவலான வழக்கம். எம்.எல்.ஏ. கையேட்டின் 9-ஆம் பதிப்பு 2021-இல் வந்தது, ஏ.பி.ஏ.வின் 7-ஆம் பதிப்பு 2019-இல். உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று முதலிலேயே உறுதிசெய்துகொண்டு ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

முடிவை எழுதும்போது தரவு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லுங்கள். 60 கட்டுரைகளைப் பார்த்துவிட்டு ‘தமிழர்கள் ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுதுவார்கள்’ என்று எழுதக்கூடாது. ‘இந்த 60 கட்டுரைகளில் இவ்வாறு காணப்படுகிறது’ என்பதே போதுமான, நேர்மையான வாக்கியம். நீங்கள் எதிர்பார்த்தது வரவில்லையா? அதையும் அப்படியே எழுதுங்கள். ‘செய்’ என்ற வினையால் விளக்க முடியாத பிழைகளே அதிகம் என்று தெரிந்தால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

நெறியாளரிடம் ஒரு முழு இயலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொண்டுபோவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து பக்கம் கொண்டுபோங்கள். என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ‘படித்துப் பாருங்கள்’ என்று கொடுத்தால் பொதுவான பதில்தான் வரும். ‘இந்த வகைப்பாட்டில் மூன்றாவது பிரிவு தேவையா?’ என்று கேட்டால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வேட்டை ஒரு தேர்வாளராகப் படியுங்கள். ஏன் இந்தப் பிரதி, ஏன் இத்தனை பேர், ஏன் இந்த முறை, வேறு விளக்கம் சாத்தியமா, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்ற ஐந்தும் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று ஒட்டுத்தாள் வைத்து, உங்கள் ஆய்வேட்டுப் பிரதியை உள்ளே எடுத்துக்கொண்டு போங்கள். தெரியாத கேள்வி வந்தால் ‘அதை நான் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டு, பார்த்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பேன் என்று ஒரு வரி சொல்லுங்கள்.